புதுப் போனுக்கு பவுச், டெம்பர் கிளாஸ்: முதல்முறை வாங்குபவர்கள் பார்க்க வேண்டியவை

என் தங்கை தவணை போட்டு, ஒரு லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில் ஒரு போன் வாங்கினாள். கடையிலேயே ஆயிரத்துச் சொச்சத்துக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டிக் கொடுத்தார்கள். போனின் நிறம் மறையக் கூடாது என்பதற்காக பவுச் மட்டும் காகிதம் மாதிரி மெல்லிசாக ஒன்று எடுத்தாள். ஒன்பதாம் நாள் தாம்பரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது போன் நழுவி, நடைபாதைக் கல்லின் விளிம்பில் மூலை மோதி விழுந்தது. ஒட்டிய கிளாஸ் அப்படியே இருந்தது. அதற்கு அடியில், மூலையிலிருந்து சிலந்தி வலை மாதிரி டிஸ்ப்ளே விரிந்து கிடந்தது. இன்னும் பதினொரு மாதத் தவணை பாக்கி.

அந்தப் போனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. பவுச்சுக்கு ஒரு வேலை, கிளாஸுக்கு வேறு வேலை. விழும்போது தாங்க வேண்டியது பவுச். கீறலைத் தடுக்க வேண்டியது கிளாஸ். போன் விழும்போது காக்கச் செலவழிக்க வேண்டிய பணத்தையும் சேர்த்து, என் தங்கை கீறலைத் தடுக்கவே செலவழித்திருந்தாள். கடைகளில் நான் பார்க்கும் பெரும்பாலானவர்கள் இதையே செய்கிறார்கள். எனவே இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம். பவுச்தான் முதலில்.

கடைக்குப் போவதற்கு முன்

போனின் சரியான மாடல் பெயரை செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதியில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ‘ப்ரோ’, ‘ப்ரோ மேக்ஸ்’, ‘பிளஸ்’, ‘அல்ட்ரா’ என்று வால் ஒன்று மாறினாலே கேமரா துளையும் பட்டன் இடமும் மாறிவிடும். சென்ற வருட மாடலின் பவுச் ‘கிட்டத்தட்ட பொருந்தும்’ என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பிறகு மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். திரை தட்டையா, ஓரங்களில் வளைந்ததா? கைரேகை சென்சார் திரைக்கு அடியிலா, பக்கவாட்டு பட்டனிலா? வயர்லெஸ் சார்ஜிங் உண்டா, உண்டென்றால் காந்தத்தோடு ஒட்டும் வகையா? வாங்க வேண்டியதைப் பாதிக்கு மேல் இந்த மூன்று பதில்களே தீர்மானித்துவிடும்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஆப்பிள், சாம்சங் போன்ற நிறுவனங்கள் டிஸ்ப்ளே மாற்ற ஆகும் செலவை இணையதளத்திலேயே காட்டுகின்றன. உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று பாருங்கள். அந்தத் தொகையைப் பார்த்த பிறகு 1,500 ரூபாய் பவுச் உங்களுக்கு அதிக விலையாகத் தெரியாது.

பவுச்: மூலையைப் பாருங்கள்

நின்றுகொண்டு பேசும்போது கையிலிருந்து நழுவும் போன் ஒரு மீட்டருக்கு மேலிருந்து விழுகிறது. தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். அந்த வேகம் ஒரு நொடியின் சிறு துண்டில் பூஜ்யமாக வேண்டும். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார் இல்லையா? பந்து நிற்பதற்குக் கொஞ்சம் தூரம் கிடைத்தால் கையில் விழும் அடி குறையும். நல்ல பவுச் செய்வதும் அதுதான். மூலையில் இருக்கும் மென்மையான பொருள் ஓரிரு மில்லிமீட்டர் அமுங்கிக் கொடுக்கிறது. அந்த ஓரிரு மில்லிமீட்டர் இல்லாவிட்டால் மொத்த அடியும் உலோகச் சட்டம் வழியாக நேரே கண்ணாடியின் விளிம்புக்குப் போகிறது. கண்ணாடி உடைவது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஆகவே கடையில் பவுச்சைக் கையில் எடுத்ததும் முதலில் நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அமுக்குங்கள். கொஞ்சம் உள்வாங்கி மீண்டு வர வேண்டும். மூலையின் உள்பக்கத்தில் காற்றுக் குழியோ வரிவரியான மேடுகளோ இருந்தால் நல்லது. மூலை கட்டையாக, பிளாஸ்டிக் டப்பா மாதிரி இருந்தால் அது அழகுக்கான பவுச்.

அடுத்தது உதடு, அதாவது திரையைச் சுற்றி எழும்பி நிற்கும் பவுச்சின் விளிம்பு. பவுச் போட்ட போனைத் திரை கீழே இருக்கும்படி மேஜையில் கவிழ்த்து வைத்து, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். திரைக்கும் மேஜைக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். குறைந்தது ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். பிறகு திரையில் டெம்பர் கிளாஸ் ஒட்டினால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கேமரா பக்கமும் இதே சோதனைதான். இப்போதைய கேமராக்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கின்றன. கேமராவைச் சுற்றிய வரம்பு லென்ஸைவிட உயரமாக இல்லையென்றால், மேஜையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் லென்ஸ் உரசும்.

என்ன பொருளில் வாங்குவது? டிபியு என்ற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக்தான் பெரும்பாலான பவுச்சுகளுக்கு அடிப்படை. அடி தாங்கும், விலையும் குறைவு. நிறமில்லாத டிபியு வெயிலிலும் சூட்டிலும் கை வியர்வையிலும் சில மாதங்களில் மஞ்சளாகிவிடும். அது அழுக்கு இல்லை, பொருளே மாறுவது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. போனின் முதுகு தெரிய வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் பின்பக்கம் பாலிகார்பனேட் என்ற கடினமான பிளாஸ்டிக்கும் ஓரங்களில் மட்டும் டிபியுவும் இருக்கும் பவுச்சை எடுங்கள். முதுகு பல நாள் தெளிவாக இருக்கும். என் பார்வையில் விலை அதிகமான போனுக்கு இந்தக் கலப்பு வகைதான் சரியான இடைநிலை.

சிலிகான் பவுச் கையில் வழுக்காது. ஆனால் ஜீன்ஸ் பையிலிருக்கும் தூசி முழுவதையும் ஒட்டிக்கொள்ளும், பையிலிருந்து எடுக்கும்போதும் இழுத்துப் பிடிக்கும். தோல் பவுச் அழகானது, சென்னை வியர்வைக்குக் கறை படியும். அராமிட் என்ற செயற்கை நாரில் செய்த பவுச் மிக மெல்லியது, உறுதியானது. ஆனால் மூலையில் அமுங்கிக் கொடுக்காது. கீறலுக்குச் சரி, விழுவதற்கு நம்ப வேண்டாம். திறந்து மூடும் ஃபிளிப் கவரைப் பழசு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. பையில் எல்லாச் சாமான்களோடும் போனைப் போட்டுவைக்கும் அம்மா, அப்பாவுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. விழும்போது மூடியிருந்தால் திரைக்கு அதுவே ஒரு கதவு.

பெட்டியில் ‘மில்-எஸ்டிடி-810 சான்று’, ‘ராணுவத் தரம்’ என்று போட்டிருப்பார்கள். இது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகள் அடங்கிய ஆவணம். அதன் வீழ்ச்சிச் சோதனையில் நான்கு அடி உயரத்திலிருந்து, முகம், விளிம்பு, மூலை என்று 26 விதமாகப் பொருளைப் போடச் சொல்கிறது. கீழே இருப்பது கான்கிரீட்டின் மேல் விரித்த இரண்டு அங்குல ஒட்டுப்பலகை. 26 முறையையும் ஐந்து மாதிரிகளுக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம். எந்த ராணுவமும் பவுச்சுக்கு முத்திரை குத்திக் கொடுப்பதில்லை; தயாரிப்பாளர் தானே சோதித்துத் தானே எழுதிக்கொள்கிறார். பெயர் தெரிந்த நிறுவனமாக இருந்து, எத்தனை அடி, எப்படிப் போட்டார்கள் என்று விவரம் கொடுத்திருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. வெறும் முத்திரைப் படத்துக்கு இல்லை.

காந்தமும் சூடும்

ஐபோன் 12 வந்த 2020 முதல் போன் முதுகில் வட்டமாகக் காந்தம் வைக்கும் பழக்கம் தொடங்கியது. 2023இல் வந்த க்யூஐ2 என்ற வயர்லெஸ் சார்ஜிங் முறை அதைப் பொதுத் தரமாக்கியது. உங்கள் போனில் அந்த வசதி இருந்தால், காந்த வளையம் பதித்த பவுச்சாகவே வாங்குங்கள். வளையம் இல்லாத தடித்த பவுச்சில் சார்ஜர் வழுக்கி விலகி, இரவு முழுவதும் வைத்தும் காலையில் அரைகுறையாக ஏறியிருக்கும். பவுச்சுக்குள் ஏடிஎம் கார்டைச் செருகி வைப்பவர்கள் கவனியுங்கள்: கார்டின் முதுகில் இருக்கும் கறுப்புப் பட்டைக்குக் காந்தம் ஆகாது. விரல் மாட்டப் பின்னால் ஒட்டும் உலோக வளையம், உலோகத் தகடு இரண்டும் வயர்லெஸ் சார்ஜிங்கைத் தடுக்கும்.

சூட்டைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே யோசிக்க வேண்டும். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரைதான். மே மாதம் வேலூரிலோ மதுரையிலோ நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். தடித்த பவுச் ஒரு போர்வை. சார்ஜ் போட்டுக்கொண்டே கேம் ஆடுவது, கார் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் மேப் ஓட்டுவது ஆகிய இரண்டு நேரத்திலும் பவுச்சைக் கழற்றிவிடுங்கள். எளிதாகக் கழற்ற வராத பவுச்சை வாங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பைக்கில் போனை மாட்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் என்ஜினின் அதிர்வு கேமராவின் நடுக்கம் தடுக்கும் அமைப்பைக் கெடுக்கலாம் என்று 2021இல் ஆப்பிளே எச்சரித்தது. எந்தப் பவுச்சும் இதைத் தடுக்காது. அதிர்வு உறிஞ்சும் ஹோல்டர் தனியாக வேண்டும்.

கிளாஸ்: எதிரி சாவி இல்லை, மணல்

போன் திரையில் இருப்பது சாதாரணக் கண்ணாடி இல்லை. சுமார் 400 டிகிரி சூட்டில் உருகிய பொட்டாசியம் உப்பில் அதை முக்கி எடுக்கிறார்கள். கண்ணாடியின் மேல்பரப்பிலுள்ள சின்ன சோடியம் அயனிகள் வெளியேறி, பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் நெருக்கியடித்து உட்காருகின்றன. அந்த நெருக்கம்தான் அதன் பலம். மேல்பரப்பில் ஆழமாக ஒரு கீறல் விழுந்தால் அந்த இறுக்கம் அங்கே அறுபடுகிறது. அடுத்த முறை விழும்போது விரிசல் புறப்பட அதுவே வாசல். கீறல் வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

கீறுவது எது? கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோல் 1 முதல் 10 வரை போகும், வைரம் 10. போன் கண்ணாடி ஏறத்தாழ 6. கத்தியின் எஃகு ஐந்தரை வாக்கில், நாணயம் அதற்கும் கீழே. எனவே சாவியும் சில்லறையும் பெரும்பாலும் திரையைக் கீறுவதில்லை. குவார்ட்ஸ் மணல் 7. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் காலில் ஒட்டி, பேன்ட் பைக்குள் புகுந்துவிடும் அந்த ஒற்றை மணல் துகள்தான் லட்ச ரூபாய்த் திரையில் கோடு போடுகிறது. வீடு கட்டும் வேலை நடக்கும் தெருவிலிருந்து வரும் தூசியும் அப்படித்தான்.

கடைக்காரர் ‘9எச்’ என்பார். இது மோஸ் 9 என்று நினைத்து ஏமாறாதவர்கள் குறைவு. 9எச் என்பது பென்சில் கணக்கு. நாம் படம் வரையும் 2பி, எச்பி பென்சில்களின் வரிசையில் மிகக் கடினமான பென்சிலும் அந்தக் கண்ணாடியைக் கீறவில்லை என்பதுதான் பொருள். எந்தச் சுமாரான கண்ணாடியும் அந்தச் சோதனையைத் தாண்டிவிடும். ‘9டி’, ‘11டி’, ‘21டி’ என்று ஏறிக்கொண்டே போகும் எண்களுக்குப் பின்னால் எந்தத் தரநிலையும் கிடையாது. 2.5டி மட்டும் ஒரு பொருளோடு வருகிறது: விரலில் குத்தாதபடி ஓரம் வழவழப்பாக உருட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

டெம்பர் கிளாஸும் மணல் பட்டால் கீறும். அதன் வேலையே அதுதான்; உங்கள் திரைக்குப் பதிலாக அது கீறல் வாங்கிக்கொள்கிறது. எனவே இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒன்றை வாங்கி மூன்று வருடம் வைத்திருப்பதைவிட, முந்நூறு முதல் ஐந்நூறு ரூபாயில் தரமான ஒன்றை வாங்கி, கீறல் சேர்ந்ததும் மாற்றிவிடுவது நல்லது. இரண்டு மூன்றாக வரும் பாக்கெட்டை எடுங்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் 100 ரூபாய்க்கும் ஒட்டிக் கொடுப்பார்கள். அவசரத்துக்குச் சரி, ஆனால் அவற்றில் பல ஓரத்தில் மட்டுமே பசை உள்ளவை. நடுவில் காற்று இருப்பதால் தொடுதிரை மந்தமாகும், வெளிச்சத்தில் புள்ளிகள் தெரியும். ‘முழுக்கப் பசை இருக்கிறதா?’ என்று கேட்டு வாங்குங்கள்.

தட்டைத் திரைக்கு 0.3 மில்லிமீட்டர் வாக்கில் உள்ள, விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே நிற்கும் கிளாஸ் போதும். விளிம்பு வரை வரும் கிளாஸைப் பல பவுச்சுகள் மேலே நெம்பித் தள்ளிவிடும். பவுச்சைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போய், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது உத்தமம்.

வளைந்த திரைக்கு வழி அத்தனை எளிதல்ல. கடைகளில் திரவப் பசையை ஊற்றி, யுவி (புற ஊதா) விளக்கில் காயவைத்து ஒட்டும் கிளாஸைச் சிபாரிசு செய்வார்கள். ஒட்டியதும் மிக அழகாக இருக்கும். ஆனால் பசை மிஞ்சினால் மேலே இருக்கும் ஸ்பீக்கர் துளைக்குள்ளும் பட்டன் இடுக்கிலும் இறங்கி இறுகிவிடும். அது வாரண்டியில் வராத சேதம். விலையுயர்ந்த போனில் நான் அதைச் செய்ய மாட்டேன். வளைந்த திரைக்கு டிபியு ஃபிலிம், கடைகளில் ஹைட்ரோஜெல் என்று சொல்வார்கள், அதுவே என் தேர்வு. கண்ணாடி அளவுக்கு வழவழப்பு இருக்காது, அடியும் தாங்காது. வளைவோடு படிந்து நிற்கும், சின்னக் கீறல் தானாக ஆறும்.

மடக்கும் போன் வைத்திருப்பவர்கள் உள்திரையில் எதையும் ஒட்டவும் வேண்டாம், கம்பெனி ஒட்டி அனுப்பிய படலத்தை உரிக்கவும் வேண்டாம். 2019இல் சாம்சங்கின் முதல் மடக்கு போன் வந்தபோது, அதைச் சோதித்துப் பார்த்த சிலர் அந்தப் படலத்தை ஒட்டுத்தாள் என்று நினைத்து உரித்தார்கள், திரையே போய்விட்டது.

கைரேகை சென்சார் திரைக்கு அடியில், அதுவும் அல்ட்ராசோனிக் வகையாக இருந்தால் மிகுந்த கவனம் தேவை. அது ஒலியலையால் ரேகையைப் படிக்கிறது. நடுவில் காற்று இடைவெளி இருந்தால் படிக்காது. 2019இல் சாம்சங் எஸ்10 வரிசையில் திரையையும் மூடும் சில சிலிகான் உறைகளைப் போட்டால் யார் விரல் வைத்தாலும் போன் திறந்தது. உறையின் உள்பக்க வடிவத்தையே ரேகையாக எடுத்துக்கொண்டது காரணம். பிறகு மென்பொருள் மாற்றம் கொடுத்துச் சரிசெய்தார்கள். எனவே அந்த மாடலுக்கென்றே செய்தது என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். ஒட்டி முடித்ததும் பழைய ரேகைகளை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். பிறகு பதியாத ஒரு விரலை வைத்துச் சோதித்துப் பாருங்கள். வங்கிக் கணக்கு உள்ளே இருக்கும் போன் அது.

சாம்சங் எஸ்24 அல்ட்ரா போல எதிரொளிப்பைக் குறைக்கும் கண்ணாடி உள்ள போனில் சாதாரண கிளாஸ் ஒட்டினால் அந்தச் சிறப்பு மறைந்துவிடும். மேலே இருக்கும் புதுக் கண்ணாடி மறுபடி மின்னும். எதிரொளிப்பைக் குறைக்கும் கிளாஸ் தேடுங்கள், அல்லது நல்ல பவுச்சோடு திரையை வெறுமனே வைத்திருக்கத் துணியுங்கள். பக்கத்து சீட்காரர் பார்க்காமல் இருக்க ‘பிரைவசி’ கிளாஸ் கேட்பவர்கள், வெயிலில் திரை மங்கலாகத் தெரியும், அதற்காக வெளிச்சத்தைக் கூட்டினால் பேட்டரி குறையும் என்று தெரிந்து வாங்குங்கள்.

கேமரா லென்ஸுக்குத் தனிக் கண்ணாடி வேண்டாம் என்பேன். இரவில் தெருவிளக்கைப் படமெடுத்தால் இரண்டாவது விளக்கு ஒன்று பேய் மாதிரி மிதக்கும். பவுச்சின் வரம்பு உயரமாக இருந்தாலே போதும்.

வீட்டில் ஒட்டும் முறை

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். குளியலறையில் கொஞ்ச நேரம் வெந்நீரைத் திறந்துவிட்டு மூடினால், ஈரக் காற்றில் தூசி கீழே படிந்துவிடும். அங்கே ஒட்டுவதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். பவுச்சையும் போனில் மாட்டிக்கொள்ளுங்கள். கிளாஸ் எங்கே உட்கார வேண்டும் என்று அது வழிகாட்டும்.

பெட்டியில் வரும் ஈரத்துணியால் திரையைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மிஞ்சிய தூசியைத் துணியால் தள்ளாமல், தூசி எடுக்கும் ஒட்டுத்தாளால் ஒற்றி ஒற்றி எடுங்கள். பிறகு கிளாஸை ஒட்டுத்தாள் உரிக்காமலேயே திரைமேல் வைத்து, கேமரா துளையும் ஸ்பீக்கரும் சரியாக வரும்படி நகர்த்தி, ஒரு பக்கத்தில் இரண்டு துண்டு செலோடேப்பைக் கீல் மாதிரி ஒட்டுங்கள். இப்போது கிளாஸைப் புத்தகம் போலத் திறந்து, அடித்தாளை உரித்து, மெதுவாக மூடினால் போதும். அது சரியான இடத்தில்தான் விழும். நடுவில் விரலால் ஒருமுறை அழுத்தி விட்டுவிடுங்கள், பசை தானே பரவும்.

தூசி ஒன்று மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். ஒரு மூலையை டேப்பால் தூக்கி, இன்னொரு டேப் துண்டால் தூசியை ஒற்றி எடுத்துவிட்டு மூடலாம். முடி அளவு சிறிய காற்றுக் குமிழ்கள் ஒன்றிரண்டு நாளில் மறைந்துவிடும். தூசியால் வந்த குமிழ் மறையாது. யாருக்காவது போன் செய்து காதருகே கொண்டுபோனால் திரை அணைகிறதா என்றும் பாருங்கள். அணையவில்லையென்றால் கிளாஸின் கறுப்பு ஓரம் சென்சாரை மறைக்கிறது, வேறு வாங்க வேண்டும்.

பிறகு

வாரம் ஒருமுறை பவுச்சைக் கழற்றுங்கள். உள்ளே சேர்ந்திருக்கும் மணலைப் பார்த்தால் ஏன் என்று புரியும். உறைக்குள் மாட்டிய துகள், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் போனின் சட்டத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். பவுச்சைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். கடற்கரைக்குப் போய்வந்த இரவு இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒருமுறை பலமாக விழுந்து மூலை கிழிந்த அல்லது தளர்ந்த பவுச் அடுத்த முறை காக்காது. மாற்றிவிடுங்கள். விளிம்பில் தெறித்த கிளாஸும் அப்படியே. சில்லு விரலில் ஏறும். கழற்ற, ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டி, பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றை மூலையில் செருகி மெல்ல நகர்த்துங்கள். கத்தி வேண்டாம். கழற்றிய கிளாஸை அப்படியே குப்பையில் போடாமல், நாளிதழில் நாலைந்து சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதிப் போடுங்கள். காலையில் அந்தப் பையைக் கையால் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர்.